பகல் கொசுவுக்குப் பகலில்தான் க்ரீம்

எங்கள் மருந்துக்கடை வேளச்சேரியில் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதிகத் தூரமில்லை. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இருமல் மருந்துக்கு அடுத்தபடி கொசு சமாச்சாரங்கள்தான் ஓடும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகு வருகிறார்கள். ராத்திரி தூக்கம் கெடக் கூடாது என்ற கவலை. நியாயம்தான். ஆனால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில். விடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரம், இந்த இரண்டு வேளையிலும் அதன் ஆட்டம் அதிகம். பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்பதும், வீடு திரும்பித் தெருவில் விளையாடுவதும் அதே வேளைகளில்தான். காதருகே ரீங்காரம் போட்டு நம்மை ராத்திரி எழுப்புவது பெரும்பாலும் க்யூலெக்ஸ். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் ஜாதி, யானைக்கால் நோயைப் பரப்புவது. மலேரியாவைக் கொண்டுவரும் அனாஃபிலிஸும் இருட்டிய பிறகுதான் கிளம்பும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: தோலில் தடவுவது பகலுக்கு, வலை ராத்திரிக்கு, ப்ளக்கில் சொருகும் கொசு மெஷின் நடுவில் துணைக்கு.

தோலில் தடவும் எந்த க்ரீமுக்கும் நம் ஊரில் ‘ஓடோமாஸ்’ என்றே பேராகிவிட்டது. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ஓடோமாஸ் க்ரீமில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்ப்ரேக்களில் டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசு விரட்டும் மருந்து இருக்கும். டீட் 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது, 1957 முதல் பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. அதனால் புதுச் சரக்கு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சதவீதத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது 98 சதவீதம் என்று ஒருவர் பெருமையாகக் காட்டினார். 10 சதவீத டீட் ஏறக்குறைய 2 மணி நேரம் தாங்கும், 20 முதல் 30 சதவீதம் ஏறக்குறைய 5 மணி நேரம் தாங்கும். சதவீதம் ஏறினால் கூடுவது நேரம் மட்டும்தான், அதுவும் 50-ஐத் தாண்டினால் பெரிதாகக் கூடாது. பள்ளிக்கூடத்து வேலைக்கு 20 போதும். நம் ஊர் வியர்வையில் இந்த நேரமும் குறையும். கடி ஆரம்பித்தால் மறுபடி தடவலாம், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று டியூபில் போட்டிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

இனி தடவும் விதம். அநேகம் பேர் இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஏடிஸுக்குப் பிடித்த இடம் கணுக்கால். பேண்ட்டின் ஓரம் முடியும் இடத்திலிருந்து செருப்பு வார் வரைக்கும், குதிகாலுக்கு மேலே பின்பக்கம், முழங்கைக்கு அடியில், கழுத்தின் பின்புறம் எல்லாம் தடவ வேண்டும். தடவாத ஒரு சாண் இடம் இருந்தால் கொசு அங்கே வந்து உட்காரும். அதற்காக அப்பிக்கொள்ளவும் வேண்டாம், மெல்லிசாக ஒரு படலம் இருந்தால் போதும். துணி மூடியிருக்கும் இடத்தில் தேவையே இல்லை. புடவைக்கு உள்ளே, சட்டைக்கு உள்ளே தடவினால் மருந்து தோலுக்குள் இறங்குவதுதான் அதிகமாகும். வெட்டுக்காயம், சிராய்ப்பு, கரப்பான் என்கிற தோல் நோய் உள்ள இடங்களைத் தொடாதீர்கள். முகத்துக்கு ஸ்ப்ரேயை நேராக அடிக்காமல், உள்ளங்கையில் அடித்து, கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுத் தடவ வேண்டும். சன்ஸ்க்ரீன் போடுகிறவர்கள் முதலில் அதைப் போட்டு, அது காய்ந்த பிறகு இதைப் போடுங்கள்.

டீட் வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தடவிய கையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் ஃப்ரேம் பிசுபிசுக்கும், நெயில் பாலிஷ் இளகும், வாட்ச் பட்டை பாழாகும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தொடுவதற்கு முன் விரல் நுனியைத் துடைத்துக்கொள்ளுங்கள். பிகாரிடினில் இந்தத் தொல்லை இல்லை, வாடையும் குறைவு. கிடைத்தால் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

குழந்தை விஷயம் வேறு. “அண்ணா, பாப்பாவுக்கு எதாவது நல்லதா குடுங்க” என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, “எத்தனை மாசம்மா ஆகுது?” இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்தக் க்ரீமும் வேண்டாம். தூளிக்கு மேல் வலை போட்டு மூடினால் அதுவே போதும். அதற்குப் பிறகும் டியூபில் என்ன வயது போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், சந்தேகமிருந்தால் குழந்தை டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். பெரியவர் ஒருவர் தன் கையில் எடுத்துத்தான் பிள்ளைக்குத் தடவ வேண்டும். பிள்ளையின் கை விரல்களில் மட்டும் படவே கூடாது, ஏனென்றால் அந்த விரல் அடுத்த நொடி வாய்க்கோ கண்ணுக்கோ போகும். கர்ப்பிணிகள் டீட் போடலாமா என்று தயங்குகிறார்கள். சொன்ன அளவில் போடலாம், அவர்களுக்கு டெங்கு வந்தால்தான் பெரிய வம்பு.

“கெமிக்கல் வேண்டாம், இயற்கையா குடுங்க” என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நீளமான பதில் தேவைப்படுகிறது. எலுமிச்சை வாசனையுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் ஒரு மருந்து நன்றாகவே வேலை செய்யும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஆனால் ஊட்டியிலிருந்து வாங்கிவரும் நீலகிரித் தைலம் அது இல்லை, மரமே வேறு. தைலத்தைத் தடவிக்கொண்டு டெங்கு வராது என்று நம்பாதீர்கள். சிட்ரோனெல்லா எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். துணியில் நாலு புள்ளி வைக்கும் ரோல்-ஆன்கள் பலவும் இந்த வகைதான். கையில் கட்டும் பட்டை மணிக்கட்டைத் தாண்டிக் காப்பாற்றாது. சத்தம் போட்டுக் கொசு விரட்டும் கருவியை நான் கடையில் வைப்பதே இல்லை.

வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துக் காலி ரீஃபிலில் ஊற்றி மெஷினில் போடும் வழக்கமும் பரவியிருக்கிறது. அந்தத் திரியும் சூடும் இதற்கென்று செய்ததில்லை. சின்னப் பிள்ளை கற்பூரத்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து, மூளையைப் பாதிக்கும்.

கடையில் வாங்கும் லிக்விட் மெஷினும் சாதுவான பொருள் இல்லை. அந்தப் பாட்டிலில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பூச்சிமருந்தை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்திருப்பார்கள். தலைமாட்டில் சொருகாமல் தள்ளி, பிள்ளைக்கு எட்டாத ப்ளக்கில் சொருகி, ஒரு ஜன்னலையாவது வலையடித்துத் திறந்து வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி வையுங்கள், இந்த மருந்துகள் மீன்களைக் கொன்றுவிடும்.

மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் கூடவே கூடாது. ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். வீசிங் உள்ளவர்கள் வீட்டில் பேச்சே வேண்டாம். கம்பெனி பேர் தெரியாத கொசு அகர்பத்திகள் இன்னும் மோசம். சட்டப்படி பதிவு செய்த பூச்சிமருந்துப் பொருளில் சி.ஐ.ஆர். என்று ஒரு பதிவு எண் இருக்கும். அது இல்லாத பாக்கெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ராத்திரிக்கு வலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகிவிட்டு, ஃபேனை நன்றாக ஓட விடுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவால் முடியாது. படுப்பதற்கு முன் கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பகலில் தடவிய மருந்தோடு தூங்க வேண்டாம். மருந்து பட்ட துணியையும் துவைக்கப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்தால், மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறது என்று ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ போட்டால் ரத்தக்கசிவுக்கு வழியாகும். எங்கள் கடையில் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்; கோபித்துக்கொண்டு போனாலும் சரி.