தமிழ்ச் சொற்களுக்குத் தேடல் பரிந்துரை: எலாஸ்டிக்சர்ச்சில் அமைப்பது எப்படி

ஒரு சமையல் குறிப்புத் தளம்; அதன் தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருள். தேடல் பெட்டியில் ‘தக்’ என்று தட்டியதும் ‘தக்காளி ரசம்’, ‘தக்காளி தொக்கு’ எல்லாம் கீழே விரிய வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய வழிமுறையை அப்படியே போட்டால் தமிழில் இது சொதப்பும். ‘தக்காளி’ நமக்கு நாலு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள்: த, க, புள்ளி, க, துணைக்கால், ள, மேல்விலங்கு. கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் முளைக்கின்றன.

முதலில் டோக்கனைசர், அதாவது உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி. சொல்லின் தொடக்கத்திலிருந்து ‘த’, ‘தக’, ‘தக்’ என்று நீளும் துண்டுகளை உருவாக்கும் எட்ஜ் என்கிராம் டோக்கனைசரை எடுத்து, அதன் டோக்கன் கேரக்டர்ஸ் பட்டியலில் ‘லெட்டர்’ என்று கொடுப்பது பரவலான வழக்கம். புள்ளியும் உயிர்க்குறிகளும் அந்த வகையில் சேராது. அவை வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படும். ‘தக்காளி’ என்பது ‘தக’, ‘க’, ‘ள’ என்று சிதறிவிடும். எலாஸ்டிக்சர்ச்சிலேயே உள்ள பரிந்துரை வசதியான கம்ப்ளீஷன் சஜஸ்டரை நாடினாலும், அதற்கு இயல்பாக அமைந்த ‘சிம்பிள்’ அனலைசர் (உரையைத் தேடலுக்குத் தயாராக்கும் படிகளின் தொகுப்பு) இதே வேலையைத்தான் செய்யும். ஸ்டாண்டர்டு டோக்கனைசர் தமிழ்ச் சொல்லை உடைக்காது. அதை வைத்துக்கொண்டு, எட்ஜ் என்கிராமை அதற்குப் பின்னால் ஃபில்டராக, அதாவது வெட்டிய சொற்களை மாற்றும் படியாகப் போடுங்கள். அப்போது ‘ரச’ என்று தட்டினாலும் ‘தக்காளி ரசம்’ வரும்.

இண்டெக்ஸ் பக்கத்து, அதாவது தரவைச் சேமிக்கும்போது இயங்கும் அனலைசரின் வரிசை இது: ஐசியு நார்மலைசர் கேரக்டர் ஃபில்டர், ஸ்டாண்டர்டு டோக்கனைசர், எட்ஜ் என்கிராம் ஃபில்டர். நார்மலைசருக்கு ஐசியு ப்ளகினை (யூனிகோடு உரையைக் கையாளும் கூடுதல் செருகுநிரல்) எலாஸ்டிக்சர்ச் இயங்கும் ஒவ்வொரு நோடிலும் நிறுவி, நோடை மறுதொடக்கம் செய்ய வேண்டும். நார்மலைசரைத் தவிர்க்கவே கூடாது. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் பொருந்தாது. நார்மலைசர் இரண்டையும் ஒன்றாக்கும். சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் பூஜ்ய அகல எழுத்துகளையும் நீக்கிவிடும்.

எட்ஜ் என்கிராமில் துண்டின் குறைந்த நீளமான மின் கிராம் 1, அதிக நீளமான மேக்ஸ் கிராம் 20 என்று வையுங்கள். சொல்லாமல் விட்டால் மேக்ஸ் கிராம் 2தான். ‘தக’வோடு பரிந்துரை நின்றுவிடும். 10 போதுமென்று தோன்றும், போதாது. ‘முருங்கைக்கீரை’யில் 14 குறியீடுகள். 10 வைத்தால் ‘முருங்கைக்’ வரை பட்டியல் இருக்கும், ‘கீ’ தட்டியதும் காணாமல் போகும்.

தேடல் பக்கத்துக்குத் தனி அனலைசர் கட்டாயம். அதை ஃபீல்டின் சர்ச் அனலைசராகக் குறிப்பிடாவிட்டால், தட்டிய சொல்லும் துண்டுகளாகி, ‘த’வில் தொடங்கும் எல்லாமே வந்து நிற்கும். இதில் எட்ஜ் என்கிராம் வேண்டாம். நார்மலைசர், பேட்டர்ன் ரீப்ளேஸ் கேரக்டர் ஃபில்டர், ஸ்டாண்டர்டு டோக்கனைசர், கடைசியில் 20 குறியீட்டில் நறுக்கும் ட்ரங்கேட் ஃபில்டர்.

பேட்டர்ன் ரீப்ளேஸுக்கு ஒரே வேலை: தட்டிய தொடரின் கடைசியில் புள்ளி இருந்தால் நீக்குவது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘காரம்’ தட்டுபவருக்கு முதல் விசையிலேயே ‘க்’ வரும், அடுத்த விசையில்தான் ‘க’ ஆகும். ‘க்’ என்று தொடங்கும் தமிழ்ச் சொல் அபூர்வம். அதனால் பட்டியல் தோன்றித் தோன்றி மறையும். புள்ளியை நீக்கினால் இந்த மினுக்கல் நின்றுவிடும். ‘தக்’ என்பது ‘தக’ ஆனாலும் ‘தக்காளி’ அதற்குள் அடங்கும், எனவே இழப்பு இல்லை. தமிழ் தேடல் பெட்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். இதை மட்டும் சரிசெய்தாலே பயன்படுத்துபவருக்கு வித்தியாசம் தெரியும்.

தரவை ஏற்றுமுன், அனலைசர் சொல்லை எப்படி மாற்றுகிறது என்று காட்டும் அனலைஸ் ஏபிஐயில் இரண்டு அனலைசர்களுக்கும் ‘கொத்தமல்லி’, ‘முருங்கைக்கீரை’, ‘க்’ ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள ஃபீல்டின் இண்டெக்ஸ் அனலைசரை மாற்ற முடியாது. புது இண்டெக்ஸ் உருவாக்கி, ரீஇண்டெக்ஸ் செய்து (தரவை அதற்கு நகலெடுத்து), அலியாஸை, அதாவது இண்டெக்ஸின் மாற்றுப்பெயரை, அதற்குத் திருப்பிவிட வேண்டும். ஆகவே முதல் நாளிலேயே அலியாஸ் வழியாகத் தேடுவது நல்லது.

வினவலின் வகை மேட்ச், ஆபரேட்டர் ‘அண்ட்’ (தட்டிய எல்லாச் சொற்களும் பொருந்த வேண்டும்). இயல்பான ‘ஆர்’ இருந்தால் ‘தக்காளி சா’ என்பதற்குத் தக்காளி இல்லாத சாம்பார்களும் வரும். பலர் தேடுவதை மேலே கொண்டுவர தரவரிசைக்கான எண்ணை வைக்கும் ரேங்க் ஃபீச்சர் ஃபீல்டில் தேடல் எண்ணிக்கையைச் சேமியுங்கள். அது பூஜ்யத்தை ஏற்காது. புதிய குறிப்புக்கு 1 கொடுத்துத் தொடங்குங்கள்.

உலாவிப் பக்கத்தில் இன்புட் நிகழ்வைக் கேளுங்கள், 150 மில்லிசெகண்ட் பொறுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் கொடுத்து, தாமதமாக வரும் பழைய பதிலைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘தக்காளி’க்குக் கீழே ‘த’வின் பட்டியல் வந்து உட்காரும்.

தட்டிய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டும்போது குறியீட்டு எண்ணிக்கையை வைத்து வெட்டாதீர்கள். ‘தக’ வரை தடித்துவிட்டால் புள்ளி தனியாகப் பிரிந்து, புள்ளிவட்டத்தின் மேல் ஏறி நிற்கக்கூடும். உலாவியில் உள்ள இன்டல் செக்மென்டரால் எழுத்தின் எல்லையைக் கண்டு, ‘தக்’ முழுவதையும் தடித்துக் காட்டுங்கள்.