பின் சீட்டைத் தூக்கிவிட்டுத் தொடங்குங்கள்: துருப்பிடித்த பீட்டிலை மீட்பது

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று கைக்கு வந்தால், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத்தான் மனம் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். என்ஜின் கெட்டிருந்தால் கழற்றி வேறு மாட்டலாம். தகடு போய்விட்டால்தான் வண்டி போனது. அதனால் முதலில் பின் சீட்டைத் தூக்குங்கள்.

என் 1965 பீட்டிலில் அப்படித்தான் தொடங்கினேன். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், வலது பக்கம் இருக்கும். அதை எடுத்ததும் கீழே மண் தரை தெரிந்தது. அமிலம் கசிந்து கசிந்து ஓட்டையாகியிருந்தது. ஓரத்தை விரலால் அழுத்தினால் வறுத்த அப்பளம்போல் நொறுங்கியது. தரையின் நடுவே நீளமாக ஓடும் மேட்டில் (டன்னல்), அதே சீட்டுக்கு அடியில், சேசிஸ் எண் பதிந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, இறக்குமதித் தாள்களில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண் பொருந்தாவிட்டால் அதைத் தீர்க்கும்வரை வண்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, வண்டியின் உடல் முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. என் வண்டியின் பின் சக்கர வளைவில் காந்தம் நழுவி விழுந்தது. சுரண்டிப் பார்த்தேன்: விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்குள் கம்பி வலை. யாரோ துருவை மூடி அழகாகப் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் ஹீட்டர் சேனல். என்ஜினின் சூட்டை உள்ளே கொண்டுவரும் குழாய் அது. உடலைத் தாங்குவதும் அதுதான். ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள், உள்ளே இறங்கினால் மாற்றியாக வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் வெட்டினால் உடல் தொய்ந்துவிடும், அதன் பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது. ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். பெட்ரோல் டேங்க் முன்பக்க மூடிக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் பொறி பறப்பதற்கு முன் அதைக் கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரியும் வெளியே.

இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முதலில் இம்மி அளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஜெர்மன் வண்டி என்பதால் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். 13, 17 இரண்டும் கையிலேயே இருக்கும். உதிரி கேட்கும்போது பெயரைச் சொல்லாமல் பழைய பாகத்தில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறியிருக்கின்றன.

புதுத் தகடு வைத்ததும் பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயிண்ட். எல்லாம் காய்ந்த பிறகு சேனலின் உள்ளே மெழுகு பீச்சுங்கள். துரு உள்ளிருந்துதான் வருகிறது. கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைப் பட்டியோ பெயிண்டோ அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.

இப்போது என்ஜின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கப்பியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நிம்மதி. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் புதிதாகப் போடுங்கள். வெடித்த ஹோஸ் சூடான என்ஜின்மேல் ஒழுகினால் தீப்பிடிக்கும். என்ஜினின் கூடான கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை என்பதால் அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. பிரேக் ஹோஸ், சிலிண்டர், ஆயில் எல்லாமே புதிது. இவை முடிந்த பிறகுதான் நான் சாவியைத் திருப்பினேன்.