பயாஸில் ஓவர்கிளாக் செய்யும்போது எங்கே தவறுகிறோம்

ஓவர்கிளாக் செய்யப் போகிறேன், அதாவது பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது "என்ன பிராசஸர், என்ன போர்டு?" என்பதைத்தான். பாதிப் பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்டெலில் பெயருக்குப் பின்னால் 'கே' போட்ட பிராசஸரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் மல்டிபிளையரை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை கிளாக்கைப் பெருக்கி வேகத்தைத் தரும் எண்ணை, கூட்ட முடியும். ஏஎம்டியில் ரைசன் பெரும்பாலும் திறந்தே வருகிறது, ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் அந்த வேலை நடக்காது, பி450, பி550 என்றால் நடக்கும். 5800எக்ஸ்3டி மாதிரி சிலவற்றில் மல்டிபிளையரைப் பூட்டியே அனுப்புகிறார்கள். இதைப் பார்க்காமல் பெரிய கூலரை வாங்கி மாட்டிவிட்டு, இல்லாத ஆப்ஷனைப் பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங் திரையில், தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சரி, போர்டும் பிராசஸரும் ஒத்துழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பது, அதே பிராசஸர் வைத்திருக்கிற ஒருவருடைய வீடியோவைப் பார்த்து அவர் போட்ட எண்களை அப்படியே தட்டுவது. மல்டிபிளையர் 44, வோல்டேஜ் 1.35, சேவ் செய்ய எஃப்10, யெஸ். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரே வேஃபரிலிருந்து, அதாவது ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டிய இரண்டு சிப்கள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. அவருடையது 1.35 வோல்டில் நின்றிருக்கலாம், உங்களுடையது 1.28லேயே நிற்கக்கூடிய நல்ல சிப்பாக இருக்கலாம், தேவையே இல்லாமல் அதைச் சூடேற்றிக்கொண்டிருப்பீர்கள். வேகத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவு அதே விகிதத்தில் கூடும், வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்தில் கூடும். 1.25 வோல்டில் 4.2 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிற சிப்பை 1.35 கொடுத்து 4.4க்கு ஏற்றினால் வேகத்தில் கிடைப்பது சுமார் 5 சதவீதம், கூடுதலாகக் குடிக்கிற மின்சாரம் சுமார் 22 சதவீதம். அந்த 22ம் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

ரைசன்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போதே மானிட்டரிங் சாஃப்ட்வேரில் 1.45 வோல்ட் என்று காட்டும். "கம்பெனியே 1.45 கொடுக்கிறது, நான் கொடுத்தால் என்ன?" என்று மேனுவலில் அதையே போட்டுவிடுவார்கள். ஆட்டோவில் அந்த 1.45 வருவது ஒன்றிரண்டு கோர் மட்டும் கொஞ்ச நேரம் பூஸ்ட் ஆகும்போது, அதுவும் குறைந்த கரண்டில். எல்லாக் கோரும் முழுச் சுமையில் ஓட ஆரம்பித்தால் பிராசஸர் தானே வோல்டேஜை இறக்கிக்கொள்ளும். நீங்கள் பூட்டி வைத்தால் அது இறங்காது, மூன்று மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓடினால் மூன்று மணி நேரமும் அந்த உயர்ந்த வோல்டேஜிலேயே வேகும். சில மாதம் கழித்து, நேற்று வரை ஒழுங்காக நின்ற அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்க ஆரம்பித்தால் சிப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்ததை எந்த செட்டிங்காலும் மீட்க முடியாது.

அப்படியானால் ஆட்டோவிலேயே விட்டுவிடலாமா? மல்டிபிளையரை மட்டும் கூட்டிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விடுவதும் நல்லதில்லை. எப்படியாவது பூட் ஆகிவிட வேண்டும் என்பதற்காகப் பல போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜை ஏற்றிவிடும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய படங்கள் வந்தது ஞாபகம் இருக்கலாம். ரேமை அதன் லேபிளில் உள்ள வேகத்துக்கு ஏற்றுகிற எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்ததும் சில போர்டுகள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றியதுதான் அதில் பெரிய காரணம், ஏஎம்டி அதன் பிறகு அதை 1.3 வோல்டோடு நிறுத்தும்படி பயாஸ் அப்டேட் கொண்டுவந்தது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் நிலையில்லாமல் போன விவகாரமும் இதற்குப் பக்கத்து வீடுதான். 253 வாட் வரம்புள்ள ஐ9 13900கே பிராசஸருக்குப் பல போர்டுகள் முதல் பூட்டிலிருந்தே 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று எழுதி வைத்திருந்தன. பிராசஸர் தானே கேட்ட வோல்டேஜும் சில நேரம் அதிகமாக இருந்தது, 2024 ஆகஸ்டில் புது மைக்ரோகோடு, அதாவது பிராசஸரின் உள் நிரல், வந்தது, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். அதனால் எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள், யூபிஎஸ் இருக்கும்போது மட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

எல்எல்சி, அதாவது லோட் லைன் காலிபிரேஷன். சுமை ஏறும்போது விகோர், அதாவது கோர்களுக்குப் போகும் வோல்டேஜ், கொஞ்சம் சரியும், அந்தச் சரிவை ஈடுகட்டுவது இதன் வேலை. சரிவே வேண்டாம் என்று உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென்று விலகுகிற நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் சாஃப்ட்வேர் கண்ணில் படாது, அவ்வளவு சின்ன நேரம். நடுவில் ஒரு நிலை போதும். ஆனால் கவனியுங்கள், ஆசுஸ் போர்டுகளில் பெரும்பாலும் எண் கூடக் கூட இறுக்கம் கூடும், அதாவது சரிவு குறையும், ஏஎஸ்ராக்கில் 1தான் மிக இறுக்கம், எம்எஸ்ஐயிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு கம்பெனி போர்டுக்குச் சொன்ன எண்ணை இன்னொன்றில் போட்டால் நேர் எதிராகப் போய் நிற்கும்.

மெமரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ரைசன் 3600 வைத்திருந்த காலத்தில் 3200 ரேம் கிட் ஒன்றை 3600க்கு ஏற்றினேன், எஃப்கிளாக், அதாவது பிராசஸரின் உள் இணைப்பு ஓடும் வேகம், 1800, ரேம் கிளாக்கோடு ஒன்றுக்கு ஒன்று, கணக்கெல்லாம் சரி. விண்டோஸ் திறந்தது, கேம் ஓடியது, பிராசஸரைச் சோதிக்கிற சினிபெஞ்ச் முடிந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அக்கா மகளின் காதுகுத்துப் படங்களைக் கேமரா கார்டிலிருந்து டிரைவுக்குக் காப்பி செய்து, கார்டையும் ஃபார்மேட் செய்துவிட்டேன். அப்புறம் திறந்து பார்த்தால் மூன்று படங்களில் மேல் பாதியில் தாய்மாமன் மடியில் குழந்தை, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு ஓட்டினேன், பத்தே நிமிடத்தில் சிவப்பாக எர்ரர்கள் வரிசை கட்டின. பிராசஸர் நிலையில்லாமல் இருந்தால் பெரும்பாலும் நீலத்திரை வந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். ரேம் நிலையில்லாமல் இருந்தால் ஒன்றும் தெரியாது, ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும், கெட்டதையே பேக்கப்பும் எடுப்பீர்கள். ஆகவே எக்ஸ்போ மாதிரியே ரேம் வேகத்தை ஏற்றுகிற எக்ஸ்எம்பியை ஆன் செய்தாலே மெம்டெஸ்ட் நான்கு சுற்று ஓட்டுங்கள், எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான். இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு கிட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டு முழு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மல்டிபிளையர் பெருக்குகிற அந்த அடிப்படை கிளாக்கான பிகிளாக் 100ஐத் தொடவே தொடாதீர்கள் என்பேன். பல போர்டுகளில் பிசிஐஇ, சாட்டா, என்விஎம்இ எல்லாம் அதோடு சேர்ந்து நகரும், டிரைவில் இருப்பது போய்விடக்கூடும்.

இப்போது பலர் வேகத்தைப் பூட்டுவதை விட்டுவிட்டு, பூஸ்டை அப்படியே வைத்து வோல்டேஜைக் குறைக்கிற ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசருக்கு வந்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று போட்டு, சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடியதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே ஓடும். ராத்திரி ஒன்றும் செய்யாமல் கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச பூஸ்டுக்குப் போகிறது, அந்த உச்சத்துக்குத்தான் நீங்கள் குறைத்த வோல்டேஜ் போதவில்லை. ஒவ்வொரு கோராக ஓட்டிப் பார்க்கிற கோர்சைக்கிளர் மாதிரி ஒன்றை ராத்திரி முழுக்க விடுங்கள், விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வியா லாகர் (WHEA-Logger) என்ற ஹார்ட்வேர் எர்ரர் இருக்கிறதா என்று பாருங்கள், எர்ரர் வந்த கோருக்கு மட்டும் மைனஸைப் பூஜ்ஜியம் பக்கமாகக் குறையுங்கள். ஜனவரியில் சோதித்துவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியாது. சென்னையில் மே மாதம் அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அந்த 10 கூடும், ஜனவரியில் 85ல் நின்றது 5600எக்ஸின் வரம்பான 95ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மல்டிபிளையர், ரேம், எல்எல்சி மூன்றையும் ஒரே சேவில் மாற்றிவிட்டுப் பூட் ஆகவில்லை என்றால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பூட் ஆகாமல் நின்றாலும் உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ரேம் முதல் தடவை டிரெய்னிங் ஆகும்போது, அதாவது ரேமுக்கு ஏற்ற அளவுகளைப் போர்டு தேடும்போது, திரை கருப்பாகவே இருக்கும், சில நிமிடம் ஆகும், நான்கு ரேம் போட்டிருந்தால் பத்து நிமிடத்தைக்கூடத் தாண்டலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பயாஸ் செட்டிங்கை அழிக்கிற சிமாஸ் ஜம்பரை ஷார்ட் செய்யுங்கள், அல்லது சிஆர்2032 பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆனில் இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் பயாஸில் கை வைப்பதற்கு முன்பே ரிகவரி கீயை எழுதி வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பயாஸ் அப்டேட்டில் அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கிற டிபிஎம் ரீசெட் ஆனால் அது இல்லாமல் டிரைவைத் திறக்க முடியாது. பயாஸில் சேமித்த புரொஃபைல்களும் அப்டேட் செய்தால் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், ஒழுங்காக ஓடுகிற செட்டிங் கிடைத்த அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.