மழை முதல் வெள்ளம் வரை: சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஓடுநீரைக் கையால் கணக்கிடும் முறை

நீரியல் மாதிரி மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். ஹெச்இசி-ஹெச்எம்எஸ் போன்ற மழை–வெள்ளக் கணிப்பு மென்பொருள்களில் வளைவு எண் முறையைத் (மழையில் எவ்வளவு ஓடும் என்பதை நிலத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கணிக்கும் முறை) தேர்ந்தெடுத்தால் உள்ளே நடப்பது இதுதான். கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் மென்பொருள் தப்பான விடை தரும்போது சட்டென்று உறுத்தும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பகுதி: பரப்பு 12 ச.கி.மீ., மிக நீண்ட ஓடையின் நீளம் 6,000 மீட்டர், தலைக்கும் வாய்க்கும் உயர வேறுபாடு 60 மீட்டர். மழை 2 மணி நேரத்தில் 100 மி.மீ., சீராகப் பெய்கிறது.

படி 1: எல்லை வரைதல்

30 மீட்டர் கட்டம் கொண்ட உயர மாதிரியை (கட்டம் கட்டமாக நில உயரத்தைத் தரும் கோப்பு) க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். முதலில் அதை மீட்டர் அளவிலான ஆயமுறைக்கு மாற்றுங்கள். பாகையிலேயே விட்டுவிட்டால் பரப்பும் சரிவும் பொய்யாகும். பள்ளங்களை நிரப்பி, ஓட்டத் திசை, ஓட்டத் திரட்சி (ஒரு கட்டத்துக்கு மேலிருந்து நீர் அனுப்பும் கட்டங்களின் எண்ணிக்கை) இரண்டையும் கணக்கிட்டு, வெளியேறும் புள்ளியைக் குறியுங்கள். புள்ளி ஓடைக் கட்டத்தின் மேல் சரியாக உட்காராமல் ஒரு கட்டம் தள்ளிப்போனால், 12 ச.கி.மீ.க்குப் பதில் கைக்குட்டை அளவு நிலம்தான் கிடைக்கும். சோதிப்பது எளிது: ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், ஆகவே வெளியேறும் புள்ளியில் திரட்சி சுமார் 13,300 இருக்க வேண்டும்.

சாலைக் கரையும் ரயில் கரையும் உயர மாதிரியில் அணை போலத் தெரியும். அடியில் மதகு இருப்பது அதற்குத் தெரியாது. அந்த இடங்களில் ஓடையைக் கையால் வெட்டித் திறந்துவிடுங்கள்.

படி 2: வளைவு எண்

1950களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை உருவாக்கிய முறை இது. மண்ணை ஏ முதல் டி வரை நான்காகப் பிரிக்கிறது; ஏ நீரை நன்றாக உறிஞ்சும் மணல், டி உறிஞ்சாத களிமண். எண் 100-ஐ நெருங்க நெருங்க ஓடுநீர் கூடும். நம் பகுதி முழுதும் பி வகை என்று கொள்வோம். நேர்வரிசைப் பயிர் நிலம் 60% (எண் 78), நெருக்கமான குடியிருப்பு 30% (85), நடுத்தரக் காடு 10% (60). பரப்பு விகிதப்படி சராசரி 78.3. 78 என்று எடுத்துக்கொள்வோம்.

படி 3: ஓடுநீரின் ஆழம்

தேக்கத் திறன் (நிலம் பிடித்துவைக்கக்கூடிய நீர்) = 25400 ÷ 78 − 254 = 71.6 மி.மீ.
தொடக்க இழப்பு (ஓட்டம் தொடங்குமுன் நிலம் எடுத்துக்கொள்ளும் மழை) = 0.2 × 71.6 = 14.3 மி.மீ.
ஓடுநீர் = (மழை − தொடக்க இழப்பு)² ÷ (மழை + 0.8 × தேக்கத் திறன்); மழை தொடக்க இழப்பைத் தாண்டாவிட்டால் ஓடுநீர் 0

100 மி.மீ. மழைக்கு 46.7 மி.மீ. ஓடுகிறது. 12 ச.கி.மீ.க்கு அது சுமார் 5.6 லட்சம் கனமீட்டர். இதே இடத்தில் 50 மி.மீ. பெய்திருந்தால் 11.9 மி.மீ.தான். மழை இரண்டு மடங்கானால் ஓடுநீர் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது! மழைக்கு நேர் விகிதத்தில் வெள்ளம் வரும் என்ற நினைப்பை இங்கேயே கைவிட வேண்டும்.

அடுத்தது ஈரம். முந்தைய நாட்களில் நல்ல மழை பெய்து மண் ஊறியிருந்தால் 78 என்பது 89 ஆகும் (23 × 78 ÷ (10 + 0.13 × 78)). அதே 100 மி.மீ.க்கு இப்போது 70 மி.மீ. ஓடும். மண் வரைபடத்தில் மணிக்கணக்காக மல்லுக்கட்டிவிட்டு ஈர நிலையை மறந்துவிடுவது தொடக்கத்தில் பலருக்கும் நேர்வது. விடையை அதிகம் புரட்டிப்போடுவது அந்த ஈரம்தான். வெள்ள அபாயம் பார்க்கும்போது இரண்டு நிலைக்கும் கணக்குப் போடுங்கள்.

படி 4: குவி நேரம்

மிகத் தொலைவில் விழுந்த துளி வாய்க்கு வந்துசேர ஆகும் நேரம் இது. கிர்பிச் சூத்திரம், நிமிடத்தில்: 0.0195 × நீளம்^0.77 × சரிவு^−0.385. நீளம் 6,000, சரிவு 60 ÷ 6,000 = 0.01 என்றால் 93 நிமிடம், அதாவது 1.55 மணி. நீளத்தைக் கிலோமீட்டரில் போட்டுவிடாதீர்கள்.

படி 5: உச்ச ஓட்டம்

மழையை 12 நிமிடத் துண்டுகளாக, துண்டுக்கு 10 மி.மீ. வீதம், பத்தாக வெட்டுங்கள். வெட்டு நேரம் குவி நேரத்தில் ஏழு, எட்டில் ஒரு பங்கு இருப்பது நல்லது.

ஓடுநீர்ச் சூத்திரத்தை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் போடக் கூடாது. 10 மி.மீ. என்பது 14.3-ஐவிடக் குறைவு என்பதால் பத்துத் துண்டுக்கும் பூஜ்யம் வந்து, வெள்ளமே இல்லை என்று முடியும். 10, 20, 30 என்று கூட்டு மழைக்குப் போட்டு, அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசத்தை எடுங்கள். முதல் துண்டில் 0, இரண்டாவதில் 0.4, மூன்றாவதில் 2.4 என ஏறி, கடைசித் துண்டில் 7.8 மி.மீ. வரும்.

இனி அலகு நீர்வரைபடம்: 1 மி.மீ. ஓடுநீர் வாயில் நேரத்தோடு எப்படி ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் வரைபடம். ஒரு முக்கோணம் போதும். உச்சத்தை எட்டும் நேரம் = 0.1 (துண்டு நேரத்தில் பாதி, மணியில்) + 0.6 × 1.55 = 1.03 மணி. 1 மி.மீ. ஓடுநீருக்கான உச்சம் = 0.208 × 12 ÷ 1.03 = விநாடிக்கு 2.42 கனமீட்டர். அடிப்பகுதி 2.67 × 1.03 = 2.75 மணி. ஒவ்வொரு துண்டின் ஓடுநீரையும் இந்த முக்கோணத்தால் பெருக்கி, 12 நிமிடம் தள்ளித் தள்ளி வைத்து நெடுக்காகக் கூட்டுங்கள்.

உச்சம் விநாடிக்குச் சுமார் 84 கனமீட்டர். மழை தொடங்கி 2.4 மணி நேரத்தில், அதாவது மழை ஓய்ந்து 24 நிமிடம் கழித்து. கூட்டாமல் 46.7 × 2.42 என்று நேராகப் பெருக்கினால் 113 வரும். அது மொத்த மழையும் 12 நிமிடத்தில் கொட்டியதாகக் கொண்ட கணக்கு.

படி 6: சரிபார்த்தல்

வரைபடத்தின் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் 5.6 லட்சம் கனமீட்டர் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் நேர அலகில் பிழை. ஓடையில் அளந்த தரவு இருந்தால், பாதி மழைகளை வைத்து வளைவு எண்ணையும் குவி நேரத்தையும் திருத்துங்கள். திருத்தத்தில் சேராத மீதி மழைகளில் சோதியுங்கள். கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் நாஷ்–சட்கிளிஃப் அளவை 1-ஐ நெருங்கினால் நல்லது. 0 என்றால் அளந்த ஓட்டத்தின் சராசரியைச் சொல்லியிருந்தாலே போதும் என்று பொருள்.

இதே கணக்கை வெவ்வேறு மீள்வருகைக் கால (10 ஆண்டு, 100 ஆண்டு என்று அரிதின் அளவைச் சொல்வது) மழைகளுக்குப் போட்டால் அபாயப் பட்டியல் கிடைக்கும். அதை மக்களிடம் காட்டும்போது சொல்லில் கவனம் வேண்டும். 100 ஆண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளில்லை. எந்த ஆண்டிலும் வர 1% வாய்ப்பு உண்டு. ஓடைக்கரையில் 30 ஆண்டு நிற்கப்போகும் வீட்டுக்கு, அந்தக் காலத்தில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு 26%.