அறுபதுக்கு மேல் ஓர் அழைப்பு: நிச்சயம் தெரியாமலே எப்படித் தொடங்குவது?

ஓய்வு பெற்றாயிற்று. தேவனுக்காக ஏதோ ஓர் ஊழியம் செய்ய வேண்டும் என்று மனதில் பாரம் வந்திருக்கிறது. ஆனால் அது தேவ சித்தமா, இல்லை வீட்டில் சும்மா உட்கார முடியாததால் வந்த ஆசையா என்று பிடிபடவில்லை. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். 58 ஆக இருந்த ஓய்வு வயதை 2020இல் 59 ஆக்கினார்கள், அடுத்த வருடமே 60 ஆக்கினார்கள். வீட்டுக்குப் போகத் தயாராக இருந்த எனக்கு இரண்டு வருடம் கூடக் கிடைத்தது. இப்போது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். இது தேவ சித்தம்தான் என்ற நிச்சயம் உனக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் முழுசாக வரவில்லை என்றுதான் சொல்வேன். அது வராமலே அடி எடுத்து வைக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில், அடையாளம் கேட்பதைக் குறையுங்கள். வேதத்தில் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுப் பனியை அடையாளமாகக் கேட்டதுபோலக் கேட்டுப் பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பது, வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைத் திருப்பித் திருப்பி வாசிப்பது எல்லாம் நம் சபைகளில் நடக்கிறதுதான். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேல் ஜனத்தை அழைத்து வரக் கர்த்தர் கூப்பிட்டபோது மோசேக்கு 80 வயது. "நான் எம்மாத்திரம்" என்று தயங்குகிறார். அதற்குக் கர்த்தர் என்ன அடையாளம் கொடுத்தார் என்று யாத்திராகமம் 3:12ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஜனத்தை எகிப்திலிருந்து அழைத்து வந்த பின்பு இந்த மலையிலே ஆராதனை செய்வீர்கள், நான் உன்னை அனுப்பினதற்கு அதுதான் அடையாளம் என்கிறார். அதாவது, வேலை முடிந்த பிறகுதான் அடையாளமே வருகிறது! கோல் பாம்பானதும் கை வெண்குஷ்டமானதும் ஜனங்கள் நம்புவதற்காக. மோசேக்குக் கிடைத்தது "நான் உன்னோடே இருப்பேன்" என்ற சொல் மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுகிற பிள்ளைகளை வகுப்பில் நான் விட்டதில்லை. கர்த்தரும் விடுவதில்லை போலிருக்கிறது.

சரி, நிச்சயம் இல்லாமல் எப்படி அடி எடுத்து வைப்பது? திரும்பி வர முடிகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். சபையில் சாட்சி சொல்லி அறிவிக்க வேண்டாம். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் போதும். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பிறகு தொடரலாமா என்று பார்த்துக்கொள்ளலாம். டிரஸ்ட் பதிவு செய்வது, ரசீது புத்தகம் அடிப்பது, பெயருக்கு முன்னால் "சகோதரி" போட்டு விசிட்டிங் கார்டு அடிப்பது எதுவும் வேண்டாம். பணிக்கொடைப் பணத்தைத் தொடவே கூடாது. விசுவாசம் இருந்தால் மொத்தமாகக் கொடு என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். "உன் கையிலிருக்கிறது என்ன" என்றுதான் கர்த்தர் மோசேயிடம் கேட்டார். கையில் இருந்தது ஆடு மேய்க்கிற கோல், அது போதுமென்று அதோடு அனுப்பினார்.

வீட்டில் கேட்காமல் போகாதீர்கள். முட்செடியில் தேவனையே பார்த்துவிட்டு வந்த மோசே, நேரே எகிப்துக்குப் போகவில்லை. மாமனார் எத்திரோவிடம் போய், நான் போகவேண்டும் என்று கேட்கிறார். அவர் "சுகமாய்ப் போய்வாரும்" என்கிறார். இதே எத்திரோதான் பிற்பாடு வனாந்தரத்துக்கு வந்து, மருமகன் காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்து, நீர் தொய்ந்துபோவீர், இது ஒருத்தரால் ஆகிற காரியமில்லை என்று கண்டித்தார். போகச் சொல்லவும் நிறுத்தச் சொல்லவும் அப்படி ஒருவர் நமக்கும் வேண்டும். எங்கள் வீட்டு சார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகக் கூடாது. நான் போவதில்லை.

எனக்கு முதலில் வந்த எண்ணம் ஆஸ்பத்திரி இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித்தரலாம் என்றுதான் போய்க் கேட்டேன். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். அப்போஸ்தலர் 16இல் பவுல் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம்) வசனம் சொல்ல நினைத்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் ஆகவில்லை. கடைசியில்தான் மக்கெதோனியா. நடந்துகொண்டிருந்தவரைத்தான் திருப்பிவிட முடிந்தது. கதவு மூடினால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, போகிற இடத்தில் நடந்துகொள்ளும் விதம். மற்ற ஊழியங்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். அனுமதி வாங்காமல் வார்டுக்குள் போகக் கூடாது. வார்டு சிஸ்டர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான். எல்லா மதத்தாரும் படுத்திருக்கிற இடம் அது. வலியில் கிடக்கிறவர் எழுந்து போக முடியாது என்பதற்காக நாம் பிரசங்கம் பண்ணக் கூடாது. கேட்டால் மட்டும் ஜெபியுங்கள், அதுவும் மெதுவாக.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ஜெபிக்கட்டுமா என்று நான் வாயெடுப்பதற்குள், "அது கெடக்கட்டும்மா, இந்த மாத்திரய எப்பம் திங்கணும்னு சொல்லு" என்று தலையணைக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் 1-0-1, 0-0-1 என்று எழுதியிருந்தது. பாட்டிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. சிஸ்டரிடம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் காலைக்கு உதிக்கிற சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று வரைந்தேன். எந்த மாத்திரையோ அதன் அட்டையில் ஒரு துண்டை வெட்டி, அந்தந்தப் படத்துக்குக் கீழே ஒட்டினேன். பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு என்னிடமே ஒப்பித்தார். ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டு, தானே திருத்திக்கொண்டார். அப்புறம்தான், "சரி, இப்பம் சாமி கும்பிடு" என்றார். இப்போது என் பையில் வேதாகமத்தோடு ஒரு பால்பாயிண்ட் பேனா, கத்தரிக்கோல், பசை, கிழித்த நாள்காட்டித் தாள்கள் எப்போதும் இருக்கும். பேனாவைத்தான் அதிகம் எடுக்கிறேன்.

சந்தேகம் திரும்பத் திரும்ப வரும். விடியற்காலை மூன்று மணிக்கு வந்தால், அப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். "எனக்குச் சமாதானம் இல்லை" என்று நாம் சொல்வதில் பாதி, மத்தியானம் சாப்பிடாததால் வருவது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது, தூதன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசினதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆகவே சாப்பிடுங்கள், தூங்குங்கள், பிறகு ஜெபத்தில் உட்காருங்கள். என்ன ஜெபிப்பது என்று தெரியாவிட்டால், இந்த வாரம் போகிற நாளுக்கு மட்டும் பலன் கேளுங்கள். மொத்தத் திட்டத்தையும் காட்டும்படி கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?

லெந்து முடிந்ததும் மூன்று பேரைக் கேளுங்கள்: வீட்டில் ஒருவர், இந்த லெந்தில் நீங்கள் போய்வந்த இடத்தில் ஒருவர், உங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர். இரண்டு பேர் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை, யாருக்கும் அறிவித்திருக்கவில்லையே! ஐயரை ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கிற நேரத்தில் பிடிக்காதீர்கள். அப்போது எதைச் சொன்னாலும் "ரொம்ப சந்தோஷம்மா" என்பார். வாரநாளில், முன்கூட்டி போன் பண்ணிவிட்டு, அவர் வீடான குருமனைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஐயரம்மாவும் கூட இருந்தால் நல்லது.