காடாத் துணியில் வண்ணத்தை ஊறவிட்டு வரைவது எப்படி?

அரூப ஓவியம் (எதையும் அச்சாகக் காட்டாமல் வண்ணத்தாலும் அசைவாலும் மட்டும் வரைவது) பழக வருபவர்கள் பலர் தூரிகையை இஷ்டத்துக்கு இழுத்துப் பார்த்துவிட்டு நாலு நாளில் சலித்துப்போகிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது, கையை எப்படி ஓட்டுவது என்பதற்கு ஒரு பிடி வேண்டும். எனக்கு அதைக் கொடுத்தவர் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர். 1952 கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், அங்கே நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைந்து பழகினார். நியூயார்க் திரும்பியதும், பிரைமர் (அடிப்பூச்சு) பூசாத பெரிய கான்வாஸைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஊற்றினார். ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடி உள்ள அந்த ஓவியம்தான் 'மலைகளும் கடலும்'. அப்போது அவருக்கு வயது 23. பார்த்துவந்த நிலம் தன் கைகளுக்குள் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். இந்தச் செய்முறை முழுக்க அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

1. இடத்தைப் பாருங்கள், வரையாதீர்கள்

ஏரிக்கரை, கடற்கரை, காற்றடிக்கும் வயல், எதுவானாலும் சரி. போட்டோ வேண்டாம். அங்கே என்ன அசைகிறது, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்று மட்டும் பாருங்கள். அந்த அசைவை அங்கேயே நின்று கையால் காற்றில் இரண்டு மூன்று தடவை போட்டுப் பாருங்கள். மூன்று வண்ணங்களை மனதில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

2. துணி

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. கடையில் விற்கும் ரெடிமேட் கான்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியிருப்பார்கள். வண்ணம் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. அதனால் காடாத் துணிதான் வேண்டும், கெட்டியான ரகமாக. ஆனால் காடாவில் தறிக் கஞ்சி இருக்கும். கஞ்சி போகாவிட்டால் வண்ணம் ஓரிடத்தில் ஊறும், பக்கத்திலேயே முத்து முத்தாக நிற்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் அலசுங்கள். சோப்பு போகும்வரை நல்ல தண்ணீரிலும் அலச வேண்டும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். உருண்டு நின்றால் இன்னொரு முறை வெந்நீர். துவைத்தால் துணி சுருங்கும், அதனால் அளவெடுத்து வெட்டுவது இதற்குப் பிறகுதான். இஸ்திரி போட்டுவிடுங்கள்.

3. கரைசல்

எண்ணெய் வண்ணம் வேண்டாம். பிரைமர் இல்லாத பருத்தியை எண்ணெய் நாளடைவில் அரித்துவிடும்; கறையைச் சுற்றி மஞ்சள் வளையமும் விழும். ஃபிராங்கன்தாலரே 1960களில் அக்ரிலிக்குக்கு மாறினார். என் கணக்கு: 1 பங்கு அக்ரிலிக், 1 பங்கு அக்ரிலிக் மீடியம் (வண்ணம் சேர்க்காத அக்ரிலிக் பசை), 4 பங்கு தண்ணீர். பதம் நீர்மோர் மாதிரி இருக்க வேண்டும். மீடியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் தண்ணீரில் கரைத்தால் வண்ணத்தைத் துணியோடு பிணைக்கும் பசை போதாது.

அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) மூன்றும் போதும். நீலமும் சியென்னாவும் கலக்கும் இடத்தில் அருமையான சாம்பல் கிடைக்கும். கறுப்பு டியூப் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

4. ஊற்றுவது

தரையில் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் துணி. மின்விசிறியை நிறுத்துங்கள், விளிம்புகள் அவசரமாகக் காய்ந்துவிடும். மென்மையாகப் பரவ வேண்டிய பகுதியில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். உலர்ந்த பகுதியில் விளிம்பு தெளிவாக நிற்கும். கரித்துண்டால் நாலைந்து கோடுகள் மட்டும் போடலாம், ஃபிராங்கன்தாலரும் போட்டிருக்கிறார்.

இனி அங்கே காற்றில் போட்ட அசைவை இங்கே போடுங்கள், கையில் சின்னக் கிண்ணத்தோடு. மணிக்கட்டால் ஊற்றாதீர்கள், தோளிலிருந்து கை வரட்டும். துணியைச் சுற்றி நடந்து நாலு பக்கமிருந்தும் ஊற்றுங்கள். ஒரு மூலையைத் தூக்கினால் வண்ணம் ஓடும்; ஸ்பாஞ்சால் தடுத்தால் நிற்கும். தூரிகையை அடுத்த அறையில் வைத்துவிடுவது நல்லது, இருந்தால் திருத்தத் தோன்றும்.

பாதித் துணியாவது வெறுமையாக இருக்கட்டும். ஓவியத்தின் வெளிச்சம் அந்த வெற்றிடத்திலிருந்துதான் வருகிறது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் வண்ணம் காய்ந்ததும் வெளிறும், அதனால் முழுக்க உலரும்வரை இன்னொரு கிண்ணத்தைத் தொடாதீர்கள்.

பிற்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை):

போஸ்டர் கலர் போதுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போதாது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும், இரண்டாவது ஊற்றலில் முதல் வண்ணம் கலங்கிவிடும். ஃபேப்ரிக் பெயிண்ட் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

துணிக்கு அடியில் வண்ணம் குளமாகத் தேங்கி, நினைக்காத இடத்தில் கறை விழுகிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் நடுவே பழைய வேட்டியை விரியுங்கள், மிச்சத்தை அது குடித்துவிடும். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், ஈரத்தில் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.