மலையகத்து ஈரத்தில் கிளேஸ் பூசுவது: தொடங்குகிறவர்களுக்கு

கிளேஸ் என்றால் சட்டியின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடி, அவ்வளவுதான். சிலிக்கா கண்ணாடியாகிறது. பெல்ஸ்பார் என்ற கனிமமும், உருக்கி அரைத்த கண்ணாடித் தூளான பிரிட்டும், சுண்ணாம்பும் (கல்சியம் காபனேற்று) அதை உருக வைக்கின்றன. உருகியது வழிந்து சூளைத் தட்டில் ஒட்டாமல் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் பிடித்து வைக்கிறது. இதற்கு மேல் இரசாயனம் தெரியாமலே நல்ல கிளேஸ் போடலாம். ஆனால் தண்ணீரின் கணக்குத் தெரியாமல் முடியாது. வெயில் ஊர்க்காரர் எழுதிய செய்முறையை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ அப்படியே செய்தால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்: சட்டிக்குள் இருக்கும் தண்ணீர், வாளிக்குள் இருக்கும் தண்ணீர், காற்றில் இருக்கும் தண்ணீர்.

கீழே உள்ளது 1,222 பாகை செல்சியஸில், அதாவது 6ஆம் இலக்கக் கோனில் வேகும் ஒரு கலவை. கோன் என்பது சட்டிகளோடு சூளைக்குள் வைக்கும் சின்னக் கூம்பு; போதிய சூடு வாங்கியதும் வளையும். மண்ணும் அந்தச் சூட்டைத் தாங்கும் ஸ்டோன்வெயார் மண்ணாக இருக்க வேண்டும். சந்தையில் விற்கும் சிவப்புச் சட்டியின் மண் அந்தச் சூட்டில் ஊதிப் பெருத்து, வளைந்து, தட்டோடு ஒட்டிவிடும். சிவப்பு மண்தான் கையில் இருக்கிறது என்றால் இந்தக் கலவையை விட்டுவிட்டு, 1,060 பாகையில் உருகும் ஈயமில்லாத கிளேஸைத் தயாராகவே வாங்குங்கள்.

முதற் சூளை, அதாவது கிளேஸ் பூசுமுன் வெறும் சட்டியைச் சுடுவது, 1,000 முதல் 1,060 பாகை வரை. அதற்குக் கீழே நிறுத்தினால் மண்ணுக்குள் எரியாமல் நின்ற கரி, இரண்டாம் சூளையில் வாயுவாகக் கிளம்பி கிளேஸில் ஊசித்துளை போடும். இந்தப் படியில் விறகையோ கரண்டையோ மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கலவை

பெல்ஸ்பார் 400 கிராம்
கல்சியம் காபனேற்று 340 கிராம்
3134 இலக்க பிரிட் 400 கிராம்
கயோலின் 400 கிராம்
சிலிக்கா மா 600 கிராம்

மொத்தம் 2,140 கிராம். சுட்டால் தெளிவான, பளபளப்பான கிளேஸ். பல செய்முறைகளில் கல்சியம் காபனேற்றுக்குப் பதிலாக வொலஸ்டனைட் என்ற கல்சியம் சிலிக்கேற்றுக் கனிமம் இருக்கும். அது கிடைக்காவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்: 20 கிராம் வொலஸ்டனைட்டின் இடத்தில் 17 கிராம் கல்சியம் காபனேற்றும் 10 கிராம் சிலிக்காவும். மேலே உள்ள கணக்கு அப்படி மாற்றிய கணக்குத்தான்.

இதில் பாதிக்கு மேல் நம் நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. பெல்ஸ்பார் மாத்தளைப் பக்கம் ஓவலவில் வெட்டப்படுகிறது, கயோலின் மீட்டியாகொடையில், சிலிக்கா மணல் நாத்தாண்டியாவில். ஆனால் வாங்கும்போது மணலாக அல்ல, 200 மெஷ் (அங்குலத்துக்கு 200 கண்ணுள்ள சல்லடையில் சலித்த) மாவாகக் கேளுங்கள். மணல் இந்தச் சூட்டில் முழுதாகக் கரையாது. சட்டி சொரசொரவென்று நிற்கும்.

நிறுப்பதற்கு முன் முகக்கவசம். துணியல்ல, என்95 வகை. சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கொட்டியதைத் தும்புத்தடியால் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தராசு விஷயத்தில் எனக்குப் பிடிவாதமுண்டு. சமையலறைத் தராசு மேலே உள்ள ஐந்துக்கும் போதும். நிறம் சேர்க்கும் பொருளுக்கு 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசுதான். கோபால்ட்டில் 10 கிராம் பிசகினால் வாளி முழுக்க மை நீலம்.

தண்ணீர்: பார்த்து ஊற்றாதீர்கள், நிறுத்து ஊற்றுங்கள்

வாளியில் முதலில் 1.8 லீற்றர் தண்ணீர், அதன் மேல் பவுடர். மாறிச் செய்தால் அடியில் கட்டி கட்டியாக நிற்கும். கலக்காமல் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு கலக்கி, 80 மெஷ் துருப்பிடிக்காத சல்லடையில் இரண்டு தரம் வடியுங்கள். மாச்சல்லடை போதாது.

இனித்தான் பலர் வழுக்கி விழும் இடம். "தடித்த பால் போல", "கிறீம் போல" என்றுதான் செய்முறைகளில் எழுதியிருக்கும். நுவரெலியாவில் 10 பாகைக் குளிரில் ஒரு காலை வேளை வாளியைத் திறந்தால் கிளேஸ் கூழாகத் தெரியும். குளிர்ந்த தண்ணீரே தடித்தது: 30 பாகையில் இருப்பதைவிட 10 பாகையில் அதன் பாகுத்தன்மை ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைப் பார்த்துப் பயந்து அரை லீற்றர் ஊற்றுவார்கள். கிளேஸ் இளகும், கண்ணுக்குச் சரியாகவும் இருக்கும். சூளையைத் திறக்கும்போது சட்டியில் கிளேஸ் போட்டதற்கான அடையாளமே இராது. தோய்த்த படலத்தில் பவுடரைவிடத் தண்ணீர்தான் அதிகம் இருந்திருக்கும்.

ஆகவே நிறுங்கள். பாமசியில் ஊசியில்லாத 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். வெறும் சிரிஞ்சைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். வாளியை அடிவரை கலக்கி, காற்றுக்குமிழி இல்லாமல் 60 கோடு வரை கிளேஸை இழுத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து நிறுங்கள். 87 கிராம் காட்டினால் சரி. அதாவது அடர்த்தி 1.45. 1.8 லீற்றரோடு மட்டும் இருக்கும்போது 90 கிராம் காட்டும். 100 மில்லிலீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தரமும் கலக்கி நிறுத்துக்கொண்டு போனால் 2.1 லீற்றரில் 87க்கு வந்துவிடும். அதற்குக் கீழே இறங்கிவிட்டதா? வாளியை இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரைக் கிண்ணத்தால் அள்ளுங்கள். கொட்ட வேண்டாம், போத்தலில் வையுங்கள். அதே தண்ணீர் பிறகு தேவைப்படும்.

அடியில் சீமெந்து போல இறுகுகிறதென்றால் எப்சம் உப்பு. பாமசியிலேயே உண்டு. ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து, கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். பாதி போவதற்குள் கிளேஸ் தயிர் போலத் திரளத் தொடங்கும், அங்கேயே நிறுத்துங்கள். முழுவதையும் ஊற்றினால் கூழாகிவிடும். பிறகு மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டிவரும், மறுபடி மெல்லிய பூச்சு.

சட்டி காய்ந்திருக்கிறதா

முதற் சூளையிலிருந்து வந்த சட்டி ஸ்பொஞ்ச் மாதிரி. கிளேஸ் வாளியில் தோய்த்ததும் தண்ணீரைத்தான் அது உறிஞ்சும், பவுடர் வெளியில் படலமாக நிற்கும். ஏற்கெனவே ஈரம் குடித்த சட்டி எதை உறிஞ்சும்? ஒரு வாரம் மூடுபனியில் திறந்த தட்டில் இருந்த சட்டியிலும், தூசு போகக் குழாயடியில் கழுவிய சட்டியிலும் பூச்சு பாதியாகத்தான் ஏறும். கழுவ வேண்டாம். பிழிந்த ஸ்பொஞ்சால் ஒருமுறை துடைத்தால் போதும். துடைத்தபின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே மறைந்தால் சரி. பளபளவென்று முத்தாக நின்றால் அன்றைக்குப் பூச வேண்டாம்.

காய வைக்க அடுக்களை அடுப்புக்கு மேல் ஏற்றுவது நம் பக்கத்து வழக்கம். விறகும் காயும், கருவாடும் காயும். சட்டி மட்டும் அங்கே வேண்டாம். புகையும் எண்ணெய் ஆவியும் சட்டியில் மெல்லிய பிசுக்காகப் படியும். கண்ணுக்குத் தெரியாது. உருகும் நேரத்தில் அந்த இடத்தை விட்டுக் கிளேஸ் ஒதுங்கி, தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு நிற்கும். கையில் தேங்காயெண்ணெய் பட்டுச் சட்டியைத் தொட்டாலும் இதே கதி. ஐந்து விரலும் அச்சாக விழும். சூளையின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்து 80 பாகையில் இரண்டு மணி நேரம் சட்டியை உள்ளே வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பூசுவதுதான் மழை மாதங்களில் நம்பகமான வழி.

பூசுவது

அடியில் கிளேஸ் படக் கூடாது. படுகிற தளமும் அதற்கு மேல் 3 மில்லிமீற்றரும் வெறுமையாக இருக்க வேண்டும். மெழுகுதிரியை உருக்கித் தடவச் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இறப்பர் பால். அமோனியா சேர்த்த பாலைத் தூரிகையால் தடவி, காய்ந்து மஞ்சளாகித் தெளிந்ததும் சட்டியைத் தோய்த்து, பிறகு உரித்தெடுத்தால் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்கும். தூரிகையை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூரிகை அன்றோடு சரி.

தூரிகையால் கிளேஸ் பூசுவதைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். கோடு கோடாகத் தெரியும். உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்து, பிறகு வெளிப்பக்கத்தைத் தோய்த்து மூன்று எண்ணி எடுங்கள். மினுக்கம் போனதும் ஊசியால் ஒரு மூலையில் கீறிப் பாருங்கள்: வங்கி அட்டையின் தடிப்பு, 0.8 மில்லிமீற்றர் அளவு. குறைந்தால் இரண்டாம் தரம் தோய்க்கலாம், ஆனால் முதற் பூச்சு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதே. முற்றாகக் காய்ந்த பூச்சின் மேல் மறுபடி ஈரம் ஏறினால் அது வெடித்துக் கழன்று வரும். சின்ன வெடிப்புகளை விரலால் தேய்த்து அடைத்துவிடலாம்.

சூளை

பூசிய அன்றே அடுக்குவது வெயில் ஊரில் சரி. இங்கே ஓரிரவாவது பொறுங்கள். பிறகும் 90 பாகைக்கு மேல் விடாமல், மூடியை இரண்டு விரல் திறந்து, இரண்டு மணி நேரம். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும், 100 வரை காத்திராது. அவசரப்பட்டால் நீராவி பூச்சைத் தகடாகத் தள்ளிவிடும்.

மூடியை அடைத்து, 600 பாகை வரை மணிக்கு 100, பிறகு 1,100 வரை மணிக்கு 150, கடைசியில் மணிக்கு 60. கோன் வளைந்து நுனி தட்டைத் தொடப் போகும்போது நிறுத்தம். மீற்றரை நம்பாதீர்கள், கோனை நம்புங்கள். மீற்றர் அந்தக் கணத்துச் சூட்டைத்தான் சொல்லும். சட்டி எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு வாங்கியது என்பதைக் கோன்தான் சொல்லும். பிறகு 1,150 வரை இறக்கி அங்கே 20 நிமிடம் நிறுத்தினால் ஊசித்துளைகள் பெரும்பாலும் மூடிவிடும். 100க்குக் கீழ் வரும்வரை திறக்கக் கூடாது. 200 பாகையில் எட்டிப் பார்க்கும் ஆசையில் மூடியைத் தூக்கினால் மலைக்காற்று பட்டு டிங், டிங் என்று சத்தம் கேட்கும். அது கிளேஸ் வெடிக்கும் சத்தம்.

மின் சூளைக்காரர் கவனிக்க: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். தோட்டப்புறங்களில் கம்பியின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு வோல்ட்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டியது 207 ஆனால் குறைவது பத்து வீதம்தானே என்று தோன்றும். ஆனால் சூளைக் கம்பிக்குக் கிடைக்கும் வலு 81 வீதமாகிவிடும். 1,150இல் சூளை ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் கம்பி பழுதாகி அல்ல, இந்த நேரத்தில்தான். கடைசி 150 பாகை இரவு 11 மணிக்கு மேல் விழும்படி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

நிறம்

2,140 கிராமுக்கு: சிவப்பு இரும்பு ஒக்சைட்டு 170 கிராம் சேர்த்தால் தேன் கலந்த கபிலம். கோபால்ட் காபனேற்று 15 கிராம் நீலம். வெள்ளை வேண்டுமென்றால் சேர்க்கோனியம் சிலிக்கேற்று 220 கிராம். சீமெந்து நிலத்துக்குப் போடும் ஹாட்வெயார் சிவப்புப் பவுடரும் பெரும்பாலும் இரும்பு ஒக்சைட்டுத்தான், ஆனால் கலப்படம் உண்டு. பரிசோதனை வில்லையில் மட்டும் போட்டுப் பாருங்கள். பச்சை, மஞ்சள் தரைப் பவுடர்களைத் தொடவே வேண்டாம்.

செப்பு காபனேற்று பச்சை தரும், சாப்பிடும் பாத்திரத்தின் உள்ளே வேண்டாம். எந்த நிறமானாலும் ஒரு துண்டு எலுமிச்சையை ஓரிரவு வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது பூச்சாடி.

பின்சேர்க்கை 1: சாம்பல். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையின் சாம்பலைப் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. போடலாம். மரச்சாம்பலில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்றுத்தான், ஆகவே கலவையில் அந்த 340 கிராமின் இடத்தில் வைத்துப் பரிசோதியுங்கள். முதலில் சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மூன்று நாட்கள் மாற்றி, காயவைத்து நிறுக்க வேண்டும். அந்த நீர் கையைப் பொத்துவிடும், கையுறை போடுங்கள். ஒரு சாக்குச் சாம்பல் போல அடுத்த சாக்கு இராது. ஒரே தடவையில் நிறையக் கழுவிச் சேர்த்து வையுங்கள்.

பின்சேர்க்கை 2: கேஸ் சூளை. தாழ்நிலத்துக்கு அளவு வைத்த பர்னர் நுவரெலியாவில் மஞ்சளாக எரியும். அங்கே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது, அதே கேஸுக்குப் போதுமான ஒட்சிசன் கிடைப்பதில்லை. சூடு ஏறாது, செப்புப் பச்சை அழுக்குச் சிவப்பாகத் திரும்பும். கேஸைக் கூட்டுவது எல்லோரும் முதலில் செய்வது, அது இன்னும் கெடுக்கும். கேஸைச் சற்றுக் குறைத்து, பர்னரின் காற்று வாயைத் திறந்து, புகைபோக்கித் தட்டை அரை அங்குலம் இழுத்துத் திறந்துவிடுங்கள். சுவாலை நீலமாகும்வரை அந்த வரிசையிலேயே.